கணக்கிலே பிறந்த கிரகங்கள்

கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே கணக்குக்குப் புலப்பட்ட கிரகம் ஒன்று உண்டு. 1781-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த யுரேனஸ், சூரியனை ஒருமுறை வலம்வர 84 ஆண்டு எடுத்துக்கொள்ளும் அந்த மந்தகதிக் கிரகம், வான சாஸ்திரிகள் அட்டவணையிட்டு வைத்த பாதையில் ஒழுங்காகச் செல்லாமல், சில காலம் முந்தியும் சில காலம் பிந்தியும் நடந்துவரவே, அதற்கும் அப்பால் கனத்த கிரகம் ஒன்று இருந்துகொண்டு அதை இழுத்து அலைக்கழிக்கிறது என்று அனுமானித்து, அந்த அனுமான கிரகம் இன்ன இடத்தில் இருந்தாக வேண்டும் என்று பிரான்சில் லெவெரியேயும் இங்கிலாந்தில் ஆடம்ஸும் ஒருவர் முயற்சியை மற்றவர் அறியாமலே கணக்கிட்டார்கள். லெவெரியேயின் கடிதம் பெர்லின் வான் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த அன்றிரவே, 1846 செப்டம்பர் 23-ஆம் நாள், யோஹன் கால்லே தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார். குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைந்த தூரத்தில் நெப்டியூன் இருந்தது.

வெற்றி ஆசையைப் பெருக்குவது இயல்பு. புதன் கிரகத்தின் நீள்வட்டப் பாதை என்றும் ஒரே திசை நோக்கிக் கிடப்பதில்லை. சூரியனுக்கு மிக அண்மையில் வருகிற அதன் முனை, மற்றக் கிரகங்களின் இழுப்பினால் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்புகளையெல்லாம் கூட்டிப் பார்த்த பின்பும், பிற்காலத்துத் திருத்தமான அளவின்படி, நூறாண்டுக்கு 43 விகலை கணக்கில் அடங்காமல் மிஞ்சி நின்றது. ஒரு பாகையை 3,600 கூறிட்டால் ஒரு கூறே விகலை என்பதை நினைத்தால், அந்த மிச்சம் எவ்வளவு சூட்சுமமானது என்பது விளங்கும். அதையும் விட்டுவிடலாகாது என்று கருதிய லெவெரியே, 1859-ஆம் ஆண்டு, சூரியனுக்கும் புதனுக்கும் இடையே இன்னொரு கிரகமோ சிறு கிரகங்களின் கூட்டமோ இருத்தல் வேண்டும் என்று உரைத்தார். அதற்கு வல்கன் என்று நாமகரணமும் நடந்தது. சூரிய கிரகணங்களின்போது பல்லாண்டு தேடியும் அது அகப்படவில்லை. 1915-ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன் தம்முடைய பொதுச் சார்பியல் கோட்பாட்டைக் கொண்டு அந்த 43 விகலையை வருவித்துக் காட்டியபோது, வல்கனுக்கு வேலையே இல்லாமற்போயிற்று. இந்த 43 விகலையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது வேறொரு வேடத்தில் வரப்போகிறது.

இல்லாத கிரகத்தை இருப்பதாக வைத்துக் கணக்கிடும் இந்தக் கலை, இவ்வாறு ஒருமுறை வென்று ஒருமுறை தோற்று, நம் காலத்தில் மூன்றாவது பயன் ஒன்றைப் பெற்றிருக்கிறது. கிரகம் அங்கே இருக்கிறதா, இல்லையா என்பது இங்கே வழக்கே அல்ல. இல்லை என்பதை நன்றாக அறிந்துகொண்டே, சூரிய மண்டலத்தின் நடுவில் கனத்த கிரகம் ஒன்றைக் கணிப்பொறிக்குள் புகுத்தி, காலத்தைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓடவிட்டு, மற்றக் கிரகங்களின் கதி என்னவாகிறது என்று பார்க்கிறார்கள். சிமுலேஷன் என்று விஞ்ஞானிகள் வழங்கும் இந்தப் பாவனைக் கணக்கு, நடவாத காரியத்தைப் பற்றிய வீண் கற்பனை என்று தோன்றலாம். ஆனால், இருக்கிற ஒழுங்கு எதனால் நிற்கிறது என்பதை அறிய, அதைக் கெடுத்துப் பார்ப்பதைவிட நேரான வழி கிடையாது. மெய்யான வானத்தில் கெடுத்துப் பார்க்க இயலாதாகையால் கணக்கிலே கெடுத்துப் பார்க்கிறார்கள்.

கெடுப்பதற்கு ஓர் இடமும் வாய்ப்பாக இருக்கிறது. சூரியனிலிருந்து பூமியின் சராசரித் தூரமாகிய 15 கோடி கிலோமீட்டரை ஓர் அலகாகக் கொண்டால், செவ்வாய் ஒன்றரை அலகிலும் வியாழன் 5.2 அலகிலும் இருக்கின்றன. இடையே கிடக்கும் பெருவெளியில் கிரகம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. 1801 ஜனவரி முதல் நாள் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாட்சி கண்டெடுத்த சீரிஸ் முதலாக அங்கே திரியும் சிறு கோள்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டினாலும், அது சந்திரனுடைய நிறையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தேறும். இதற்கு நேர்மாறாக, பிற விண்மீன்களைச் சுற்றிவருவனவாகக் கண்டறியப்பட்ட கிரகங்களில், பூமியினும் பெரியதாய் நெப்டியூனினும் சிறியதாய் உள்ள இனமே மிகுதி. ஊரெங்கும் காணப்படும் அந்த இனத்தில் ஒன்றுகூட நம் சூரியனிடத்தில் இல்லாமற்போனது ஏன் என்பது ஒரு கேள்வி. இருந்திருந்தால் நமக்கு நன்மையா தீமையா என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதற்கே கணிப்பொறி பதில் சொல்லும்.

அந்தப் பதிலுக்குக் கணிப்பொறியின் தயவு எதற்கு என்று கேட்கலாம். சூரியன் ஒன்று, கிரகம் ஒன்று என்று இரண்டே பொருள்கள் இருந்தால், நியூட்டன் 1687-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளைக் கொண்டு, அவை எந்தக் காலத்தில் எங்கே இருக்கும் என்பதை ஒரே சூத்திரத்தில் எழுதிவிடலாம். மூன்றாவது பொருள் ஒன்று வந்த மாத்திரத்தில் அந்தச் சௌகரியம் போய்விடுகிறது. ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் இழுக்கிறது. இழுக்கப்பட்டது இடம் மாறுகிறது. இடம் மாறியதும் இழுப்பின் அளவும் திசையும் மாறுகின்றன. ஸ்வீடன் தேசத்து மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் பெயரால் ஏற்பட்ட பரிசை 1889-ஆம் ஆண்டு பெற்ற பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே, மூன்று பொருள்களின் இயக்கத்தை ஆராயப் புகுந்து, தொடக்கத்தில் உள்ள மயிரிழை வேற்றுமையும் காலப்போக்கில் எல்லை காணாத வேற்றுமையாக விரியக்கூடும் என்ற உண்மையைக் கண்டார். ஆகவே, முடிவுக்கு ஒரே தாவலாகத் தாவ இயலாது. படிப்படியாக நடந்தே போகவேண்டும்.

அப்படி நடந்து பார்த்தவர்கள் கணிப்பொறி பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். ஹாலியின் வால்நட்சத்திரம் மீண்டும் வரும் நாளைக் குறிப்பதற்காக, 1757, 1758-ஆம் ஆண்டுகளில் பாரிஸ் நகரத்தில் கிளேரோ, லாலாந்து என்ற இரண்டு அறிஞர்களும், நிக்கோல் ரேன் லெபோத் என்ற பெண்மணியும் கூடியிருந்து, வியாழனும் சனியும் அந்த வால்நட்சத்திரத்தை எந்தெந்த இடத்தில் எவ்வளவு இழுக்கும் என்பதைத் துண்டு துண்டாக, மாதக்கணக்கில், சில சமயம் உணவு மேசையில் இருந்தபடியேகூடக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். வியாழனால் 518 நாளும் சனியால் 100 நாளும் தாமதம் நேரும். 1759 ஏப்ரல் நடுவில் அது சூரியனை நெருங்கும் என்று விடை வந்தது. அது நெருங்கியது மார்ச் 13-ஆம் நாள். மூன்று பேருடைய கையும் இறகுப் பேனாவும் முக்கால் நூற்றாண்டுப் பயணத்தில் ஒரு மாதப் பிழையோடு சாதித்த அந்தக் காரியத்தைத்தான் இன்று இயந்திரம் செய்கிறது. முறையில் பெரிய பேதமில்லை.

அந்த முறையைச் சற்றுக் கிட்ட இருந்து பார்ப்போம். சூரியனுக்கும் எட்டுக் கிரகங்களுக்கும், ஒரு குறித்த நேரத்தில், ஒவ்வொன்றின் நிறையைச் சொல்ல ஓர் எண், இருப்பிடத்தைச் சொல்ல மூன்று எண்கள், வேகத்தைச் சொல்ல மூன்று எண்கள், ஆக ஏழு எண்கள் தரப்படுகின்றன. ஒன்பது பொருள்களுக்கிடையே 36 ஜோடிகள் உண்டு. புதிய கிரகம் ஒன்றைச் சேர்த்தால் 45 ஜோடிகள் ஆகிவிடும். ஒவ்வொரு ஜோடியின் இழுப்பையும் கண்டு, அதனால் ஒவ்வொன்றின் வேகமும் எவ்வளவு மாறுகிறது என்று கூட்டி, சிறிது காலம் நகரவிட்டு, புதிய இடங்களிலிருந்து மறுபடியும் 45 இழுப்புகளையும் காண வேண்டும். ஒரு படி எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதை மிக விரைவாகச் சுற்றும் கிரகமே தீர்மானிக்கிறது. புதன் 88 நாளில் சுற்றிவிடுவதால், அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நான்கு நாளுக்கு ஒரு படி என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு கோடி ஆண்டு நடப்பதற்கு இப்படி 91 கோடிக்கு மேற்பட்ட படிகள் எடுத்துவைக்க வேண்டும். ஜோடிக் கணக்கோ நாலாயிரம் கோடியைத் தாண்டும். இது ஒரே ஒரு சோதனைக்கு ஆகும் செலவு. புதிய கிரகத்தின் நிறையையோ தூரத்தையோ மாற்றினால், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவு நீண்ட நடையில் கணக்கே கிரகங்களைக் கெடுத்துவிடும் அபாயமும் உண்டு. படியின் தொடக்கத்தில் கிரகம் எந்தத் திசையில் விரைகிறதோ அந்தத் திசையிலேயே படி முழுவதும் நேர்கோடாக ஓடவிட்டால், வளைந்து செல்ல வேண்டிய கிரகம் ஒவ்வொரு படியிலும் இம்மியளவு வெளியே தள்ளிப்போகிறது. இம்மிகள் கோடிக்கணக்கில் சேர்ந்ததும், ஒரு குற்றமும் செய்யாத பூமி சூரியனை விட்டுச் சுருள் சுருளாக விலகி ஓடுவதைத் திரையில் காணலாம். புதிய கிரகத்தின் மேல் இந்தப் பழியைச் சுமத்தினால் அது பெரும் பிழையாகும். இதைத் தவிர்ப்பதற்காக 1991-ஆம் ஆண்டு ஜாக் விஸ்டம், மாத்யூ ஹோல்மன் என்ற இருவர், சூரியனால் மட்டும் நிகழும் நீள்வட்ட நடையைப் பழைய சூத்திரத்தாலேயே பிழையின்றி நடத்திவிட்டு, மற்றக் கிரகங்களின் சிறிய இழுப்புகளை மட்டும் இடையிடையே உந்துதல்களாகக் கொடுக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். இம்முறையில் மண்டலத்தின் மொத்தச் சக்தி நெடுங்காலத்துக்குப் பிறகும் ஒரு வரம்புக்குள்ளேயே நிற்கிறது. இவ்வகைக் கணக்குகளை நடத்த, மெர்க்குரி, ரீபவுண்ட் என்ற பெயர்களில் வழங்கும் நிரல்கள் யாவருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டுக் கணிப்பொறி வைத்திருக்கும் மாணவனும் வியாழனுக்குப் பக்கத்தில் இன்னொரு வியாழனை வைத்து வேடிக்கை பார்க்கலாம்.

அந்த மாணவன் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, ஒவ்வொரு கிரகத்துக்கும் அதன் ஆட்சி செல்லும் எல்லை ஒன்று உண்டு என்பது. கிரகத்தின் நிறையைச் சூரிய நிறையின் மும்மடங்கால் வகுத்து, வந்ததன் கன மூலத்தைச் சூரியனிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். அமெரிக்கக் கணிதர் ஜார்ஜ் வில்லியம் ஹில்லின் பெயரால் அது ஹில் ஆரம் எனப்படுகிறது. பூமிக்கு அது சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். சூரிய நிறையில் 1,047-இல் ஒரு பங்கும் பூமியைப்போல் 318 மடங்கும் நிறை கொண்ட வியாழனுக்கு 5 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர். இரண்டு கிரகங்களின் நிறையைச் சேர்த்து இதே கணக்கைப் போட்டு, வட்டமான இரு பாதைகளுக்கும் நடுவே அந்தக் கூட்டு ஆரத்தைப்போல் மூன்றரை மடங்கு இடைவெளி விட்டால், அவ்விரண்டும் ஒன்றையொன்று நெருங்கிச் சூறையாட மாட்டா என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். வியாழனை ஒத்த கிரகம் ஒன்றைப் பூமிக்கு வெளிப்புறத்தில் வைப்பதானால், இந்தக் கணக்கின்படி ஏறக்குறைய 4 கோடி கிலோமீட்டர் இடம் விட வேண்டும். வெள்ளி நம்மை மிகவும் நெருங்கும்போது இருக்கும் தூரமும் அதேதான். ஆனால் வெள்ளியும் பூமியும் நிறை குறைந்தவையாகையால், அவ்வளவு இடைவெளி அவற்றுக்குக் கூட்டு ஆரத்தின் 26 மடங்காக அமைந்துவிடுகிறது. வியாழனுக்கும் சனிக்கும் இடையேயோ, பார்வைக்கு 65 கோடி கிலோமீட்டர் வெளி கிடந்தாலும், அது எட்டு மடங்கே.

இரண்டே கிரகங்களுக்குச் சொன்ன அந்த உத்தரவாதம் மூன்றாவது வந்ததும் செல்லாமற்போகிறது. நெருங்கி வந்து இழுப்பது ஒன்றே கெடுதி செய்யும் வழியாக இருந்தால், இடைவெளியை அளந்து நிம்மதி அடையலாம்; எட்ட இருந்தபடியே, தாளம் தப்பாமல் இழுக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. கோயில் காண்டாமணியின் கயிற்றைக் கண்டபடி இழுக்கிற பலசாலிக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. அதன் ஆட்டத்தை அறிந்து, போகும்போது விட்டு வரும்போது இழுக்கிற சிறுவனுக்கு ஊர் முழுதும் கேட்க ஒலிக்கிறது. இரண்டு கிரகங்களின் சுற்றுக்காலங்கள் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு ஐந்து என்பன போன்ற சிறிய எண்களின் விகிதத்தில் அமைந்துவிட்டால், அவை ஒன்றையொன்று மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் சந்தித்து, ஒரே திசையில் இழுத்துக்கொள்ளும். இதனை ஒத்திசைவு என்பர்.

குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறையும் சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறையும் வருவதைப் பஞ்சாங்கம் பார்ப்பவர் அறிவர். பன்னிரண்டு ராசிகளையும் சுற்ற வியாழனுக்கு 11.86 ஆண்டும் சனிக்கு 29.46 ஆண்டும் ஆகின்றன. வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறக்குறைய ஒன்றாகவே, அறுபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், முடிகின்றன; பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணும் வட்டத்தின் அளவும் அறுபதே. இந்த இரண்டுக்கு ஐந்து என்ற விகிதம் துல்லியமாக இல்லாமல் சிறிது பிசகியிருப்பதனால், இழுப்புகள் ஒரேயடியாகச் சேர்ந்து பெருகாமல், ஏறத்தாழ 900 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. வியாழன் விரைவதும் சனி தாமதிப்பதும் கண்டு, சூரிய மண்டலம் குலைந்துவிடுமோ என்று பதினெட்டாம் நூற்றாண்டு அஞ்சியது. 1785-ஆம் ஆண்டு லாப்லாஸ் இந்த விகிதத்தைக் காட்டி அச்சத்தைத் தீர்த்தார். விகிதம் சரியாகப் பொருந்திவிட்ட இடத்தில் என்ன நேரும் என்பதற்குச் சாட்சியும் உண்டு. சிறு கோள்களின் கூட்டத்தில், வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்று முறை சுற்றக்கூடிய தூரத்தில், அதாவது இரண்டரை அலகில், வெட்டவெளியாகக் கிடப்பதை 1866-ஆம் ஆண்டு டேனியல் கர்க்வுட் எடுத்துக் காட்டினார். அங்கே அகப்பட்ட கல்லின் பாதை திடீரென்று நீண்டு செவ்வாயின் பாதையை வெட்டக்கூடும் என்பதை 1982-ஆம் ஆண்டு விஸ்டம் கணிப்பொறியால் மெய்ப்பித்தார்.

இந்தப் பின்னணியோடுதான், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கேன் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியைப் படிக்க வேண்டும். பூமியைப்போல் ஒரு மடங்கு முதல் பத்து மடங்கு வரை நிறை கொண்ட கற்பனைக் கிரகத்தை, சூரியனிலிருந்து இரண்டு அலகு முதல் நான்கு அலகு வரை வெவ்வேறு தூரங்களில் வைத்து, ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்தார் அவர். பல சோதனைகளில் புதன், வெள்ளி, பூமி ஆகியவை நிலைகுலைந்து மண்டலத்தை விட்டே வீசியெறியப்பட்டன. யுரேனஸும் நெப்டியூனும்கூட வெளியேறியதுண்டு. வெளியேறாத சந்தர்ப்பங்களிலும் பூமியின் பாதை நீண்டு, கோடையும் குளிரும் உயிர்கள் தாங்க இயலாத அளவுக்குக் கடுமையாகக்கூடும். நிறை குறைந்த கிரகமாக, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பார்த்து வைத்த சில இடங்களில் மாத்திரம் எல்லாம் சமாதானமாக நடந்தது. அந்த இடத்திலிருந்து இப்படியோ அப்படியோ சிறிது நகர்த்தினால் சமாதானம் போய்விட்டது.

இதில் கவனிக்கத்தக்க சூட்சுமம் ஒன்று இருக்கிறது. பத்துப் பூமி நிறையுள்ள கிரகம் வியாழனுக்கு முன் எம்மாத்திரம்? முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. எனினும் அது வியாழனைச் சிறிதளவு அசைத்துவிட்டால் போதும். மீதியை வியாழனே பார்த்துக்கொள்கிறது. கிரகங்களின் நீள்வட்டங்கள் திசை திரும்பும் வேகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது. புதிய கிரகத்தின் வருகையால் அந்த வேகங்கள் மாறி, ஒன்றோடொன்று பொருந்திவிட்டால், பெரிய கிரகத்தின் நீள்வட்டத் தன்மை சிறிய கிரகத்துக்குள் சன்னஞ்சன்னமாக ஏறுகிறது. வட்டமாக இருந்த பாதை ஒடுங்கி நீண்டு, பக்கத்துப் பாதையை வெட்டுகிறது. வெட்டிய பிறகு நெருங்கிச் சந்திப்பதும், சந்தித்தபின் மோதுவதோ வீசியெறியப்படுவதோ காலத்தைப் பொறுத்தவை. எறியப்படுவது கொண்டுபோகும் சக்தியை எறிந்தது கொடுக்கிறது; அதனால் எறிந்த கிரகமும் சூரியனை நோக்கிச் சிறிது இறங்குகிறது. இந்த வரவு செலவில் ஒரு காசும் தவறுவதில்லை.

புதிய கிரகம் ஒன்றையும் சேர்க்காமலே நம் மண்டலம் இந்த அபாயத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பாரிஸ் வான் ஆய்வுக்கூடத்தின் ழாக் லஸ்காரும் மிக்காயேல் காஸ்தினோவும் 2009-ஆம் ஆண்டு கண்டு சொன்னார்கள். புதனுடைய தொடக்க நிலையை ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த அளவு மாற்றி மாற்றி, 2,501 சோதனைகளை 500 கோடி ஆண்டுகளுக்கு நடத்தினார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் புதனின் பாதை பெரிதும் நீண்டு, வெள்ளியோடோ சூரியனோடோ மோதும் நிலைமை உண்டாயிற்று. ஒன்றில், 300 கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், உட்கிரகங்கள் நான்கும் குலைந்து பூமிக்கே மோதல் நேரத்தக்க நிலை வந்தது. புதனைக் கெடுக்க வருவது வியாழன். இரண்டினுடைய நீள்வட்டங்களும் ஒரே வேகத்தில் திரும்பத் தொடங்கினால் ஆபத்து. அப்படிப் பொருந்தாமல் புதனை விலக்கி வைத்திருப்பது எது தெரியுமா? வல்கனைக் கொன்ற அந்த 43 விகலைதான். ஐன்ஸ்டைனின் திருத்தத்தை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், நூற்றுக்கு ஒன்றாக இருந்த அபாயம் பாதிக்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. நூறாண்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பும் ஒரு முனையின் மீது ஒரு கிரகத்தின் ஆயுள் தொங்குகிறது.

இத்தகைய விடைகளை ஜோதிடமாகக் கொள்ளலாகாது. 300 கோடி ஆண்டுக்குப் பிறகு பூமி எங்கே இருக்கும் என்று எந்தக் கணிப்பொறியாலும் சொல்ல முடியாது. பூமியின் இன்றைய இடத்தில் 15 மீட்டர் பிழை இருந்தால், ஒரு கோடி ஆண்டில் அது 150 மீட்டராகவும், பத்துக் கோடி ஆண்டில் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் அளவாகவும் பெருகிவிடும் என்பது லஸ்கார் முன்னமே கண்ட உண்மை. அதனாலேயே ஒரு சோதனை செய்து விடை சொல்லாமல், ஆயிரம் சோதனை செய்து இத்தனையில் இத்தனை என்று சொல்கிறார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு மெல்லிய நூலில் நடக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று: வழிப்போக்கு விண்மீன் ஒன்று நெருங்கி வந்து, நெப்டியூனின் தூரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றிவிட்டாலே, 500 கோடி ஆண்டுக்குள் நம் மண்டலம் குலையும் வாய்ப்பு பத்து மடங்காகும் என்று டொராண்டோப் பல்கலைக்கழகத்தின் காரெட் பிரவுனும் ஹானோ ரைனும் 2022-ஆம் ஆண்டு கண்டார்கள். கடைசி வாசலில் தட்டியது முதல் அறையில் கேட்கிறது.

இவ்வளவையும் பார்த்தபின், கிரகங்கள் தத்தம் இடத்தில் அமைதியாகச் சுழல்வது ஆதியிலேயே அளந்து வகுத்த அமைப்பு என்று எண்ணுவது கடினமாகிறது. கடந்த காலத்தை நோக்கி நடத்திய பாவனைக் கணக்குகள் வேறு கதை சொல்கின்றன. பிறந்த புதிதில் பெருங்கிரகங்கள் இன்னும் நெருக்கமாக இருந்து, பின்னர் இடம் பெயர்ந்தன என்பது இன்று பலரும் ஏற்கும் கொள்கை. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்ற நான்கை மட்டும் வைத்து அந்தக் குழப்பத்தை நடத்திப் பார்த்தால், பெரும்பாலும் யுரேனஸோ நெப்டியூனோ வெளியே எறியப்பட்டு, இன்று காணும் நான்கு மிஞ்சுவதில்லை. 2011-ஆம் ஆண்டு டேவிட் நெஸ்வோர்னி, யுரேனஸ், நெப்டியூன் போன்ற ஐந்தாவது கிரகம் ஒன்றையும் சேர்த்து ஓட்டினார். அந்த ஐந்தாவதை வியாழன் மண்டலத்துக்கு வெளியே எறிந்துவிட, மற்ற நான்கும் இன்றைய இடங்களை ஒத்த இடங்களில் வந்து அமர்வது முன்னிலும் எளிதாக நேர்ந்தது. இப்போது சேர்த்தால் எல்லாவற்றையும் கெடுக்கிற கிரகம், அப்போது சேர்த்தால்தான் எல்லாம் சரியாகிறது. ஒரே கணக்கு, காலத்தை ஒட்டி, எதிரான இரண்டு விடைகளைத் தருகிறது. நாம் ஒழுங்கு என்று போற்றுவது, ஒழுங்கின்மை தன் வேலையை முடித்துக்கொண்டு போனபின் எஞ்சியது. செவ்வாய்க்கு அப்பால் கிடக்கும் வெட்டவெளி வீணாகக் கிடக்கவில்லை. அந்த எச்சம் நிலைப்பதற்குக் கொடுத்த விலை அது.

எல்லா விண்மீன்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எச்டி 80606 என்ற விண்மீனின் கிரகம் ஒன்று, 111 நாளில் சுற்றும் தன் பாதையில், ஒரு முனையில் பூமிக்குச் சூரியன் உள்ள தூரத்தை நெருங்கும் அளவு விலகியும், மறுமுனையில் அதில் முப்பதில் ஒரு பங்கு தூரம் அளவு நெருங்கியும், வால்நட்சத்திரம்போல் பாய்ந்து வருகிறது. கனத்த கிரகங்கள் ஒன்றையொன்று இழுத்து எறிந்து விளையாடினால் மிஞ்சுபவற்றின் பாதைகள் நீண்டுபோகும் என்பதை 1996-ஆம் ஆண்டு முதல் பல பாவனைக் கணக்குகள் காட்டியுள்ளன. தாய் விண்மீன் இல்லாமல் இருளில் தனியே அலையும் கிரகங்களும் கண்டறியப்பட்டிருக்கின்றன.

ஆகவே, பூமி அளவுள்ள கிரகம் ஒன்று, தண்ணீர் திரவமாக நிற்கத்தக்க தூரத்தில் எங்கோ தென்பட்டது என்ற செய்தி வரும்போது, அங்கே கடல் உண்டா, காற்று உண்டா என்று ஆவலோடு கேட்பதற்கு முன்னால், அதே விண்மீனைச் சுற்றும் மற்றக் கிரகங்களின் நிறை என்ன, இடைவெளி எத்தனை ஹில் ஆரம், சுற்றுக்காலங்கள் எந்த விகிதத்தில் அமைந்திருக்கின்றன என்று விசாரிப்பதே முறை. கிடைத்த எண்களைக் கணிப்பொறியில் இட்டு ஒரு கோடி ஆண்டு ஓடவிட்டுப் பார்க்கட்டும். அதன் பின்னும் அந்தக் கிரகம் இருந்த இடத்திலேயே இருக்குமானால், கடலைப் பற்றிப் பிறகு பேசலாம்.